ஓசோன்ல மூணு அணு சேர்ந்திருக்கே, அப்புறம் ஏன் அது சேர்மம் இல்ல?

நிலா அம்மா
எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாளா வந்து படிச்சிட்டு மட்டும் போயிட்டு இருந்தேன், இன்னைக்கு தான் முதல் தடவையா இழை ஆரம்பிக்கிறேன். பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா, தமிழ் மீடியம். நேத்து அறிவியல் பேப்பர் குடுத்தாங்க. அதுல ஒரு கேள்வி, சேர்மத்தின் மூலக்கூறுகளை மட்டும் எடுத்து எழுதுகன்னு. குடுத்திருந்தது நைட்ரஜன், ஓசோன், அம்மோனியா, ஆர்கான், கார்பன் மோனாக்சைடு, கந்தகம். இவ ஓசோன், அம்மோனியா, கந்தகம் மூணையும் எழுதிட்டு கார்பன் மோனாக்சைட விட்டுட்டா. மூணுல ஒண்ணு தான் சரி.

மார்க் போனது எனக்கு பெருசா தெரியலைங்க. ஆனா ஏன்டி இப்படி எழுதினேன்னு கேட்டா அவகிட்ட ஒரு காரணம் இருக்கு, அதுக்கு தான் எனக்கு பதில் சொல்ல தெரியல. ஓசோன்ல மூணு அணு சேர்ந்திருக்கு, அம்மோனியால நாலு, கந்தகத்துல எட்டு, அதனால அதெல்லாம் சேர்மம், கார்பன் மோனாக்சைடுல ரெண்டே ரெண்டு தான் இருக்கு, நைட்ரஜன் மாதிரியே, அதனால அது தனிமம்னு சொல்றா. "சேர்ந்திருந்தா சேர்மம், தனியா இருந்தா தனிமம், பேர்லயே இருக்கேம்மா"ங்குறா. கேட்டா நியாயமா தான் இருக்கு. நான் பிளஸ் டூல காமர்ஸ் குரூப், எனக்கு இதெல்லாம் பத்தாவதோட போச்சு. மார்க் வாங்குற மாதிரி இல்லாம புரியுற மாதிரி யாராவது சொல்லுங்களேன்.

கார்த்தி சேலம்
அக்கா உங்க பொண்ணு சொல்றது தான் சரி. ரெண்டு அணு வேதிப்பிணைப்புல சேர்ந்துட்டாலே அது சேர்மம் தான். மூலக்கூறுன்னாலே சேர்மம்னு தான் அர்த்தம். டீச்சர் கிட்ட பேப்பர கொண்டு போய் கேளுங்க.

எம்எஸ்சி மாணவன்
கார்த்தி அண்ணா, மன்னிச்சுக்கோங்க, அது தப்பு. இத உடனே சொல்லணும், இல்லன்னா அவங்க பேப்பர எடுத்துட்டு ஸ்கூலுக்கு போயிடுவாங்க.

அக்கா, மூலக்கூறுக்குள்ள எத்தனை அணு இருக்குங்குறது ஒரு கேள்வி, எத்தனை வகை அணு இருக்குங்குறது வேற ஒரு கேள்வி. தனிமமா சேர்மமான்னு முடிவு பண்றது ரெண்டாவது கேள்வி மட்டும் தான். ஓசோன்ல மூணும் ஆக்சிஜன், ஒரே வகை, அதனால தனிமத்தோட மூலக்கூறு. கந்தகத்துல எட்டும் கந்தகம், அதுவும் தனிமம். கார்பன் மோனாக்சைடுல இருக்குறது ரெண்டே ரெண்டு தான், ஆனா ஒண்ணு கார்பன் ஒண்ணு ஆக்சிஜன், வகை ரெண்டாயிடுச்சு, அதனால சேர்மம். முதல் கேள்விக்கு பாடத்துல அணுக்கட்டு எண்ணுன்னு பேர் வச்சிருக்காங்க, உங்க பொண்ணு அத கரெக்டா எண்ணியிருக்கா, எண்ணினத தப்பான எடத்துல போட்டுட்டா, அவ்ளோ தான்.

இன்னொண்ணும் சொல்லணும். கார்பன் மோனாக்சைடு நைட்ரஜன் மாதிரியே இருக்குன்னு அவ சொன்னாள்ல, அது நிஜமாவே நல்ல கண்ணு. ரெண்டுலயும் 2 அணு, ரெண்டுலயும் மொத்தம் 14 எலக்ட்ரான், ரெண்டோட மூலக்கூறு நிறையும் 28. கொதிநிலை கூட பக்கத்து பக்கத்துல, நைட்ரஜனுக்கு மைனஸ் 196, கார்பன் மோனாக்சைடுக்கு மைனஸ் 191 புள்ளி அஞ்சு. ரெண்டுக்கும் நெறம் கிடையாது, மணம் கிடையாது. இவ்வளவு ஒத்துப்போற ரெண்டு வாயுல ஒண்ணு நாம இழுக்குற ஒவ்வொரு மூச்சுலயும் 78 சதவீதம் இருக்கு, ஒண்ணும் பண்றதில்ல. இன்னொண்ணு ரத்தத்துல ஹீமோகுளோபின போய் ஆக்சிஜன விட இருநூறு மடங்குக்கு மேல இறுக்கமா புடிச்சுக்கும், ஆள கொன்னுடும். காரணம் ஒரு முனையில கார்பனும் மறு முனையில ஆக்சிஜனும் இருக்குறதால அந்த மூலக்கூறோட ரெண்டு பக்கமும் ஒண்ணு போல இல்ல, கார்பன் பக்கம் போய் ஹீமோகுளோபின்ல இருக்குற இரும்புல ஒட்டிக்குது. நைட்ரஜனுக்கு ரெண்டு முனையும் ஒண்ணே. வகை மாறுறதுக்கு எவ்ளோ அர்த்தம் இருக்குன்னு அவளுக்கு இத வச்சே சொல்லுங்க.

பட்டறை முருகன்
தம்பி சொன்னது முக்கியம், மழைக்காலத்துல ஷெட்ட மூடிட்டு உள்ள வண்டிய ஸ்டார்ட்ல போட்டு வேல பாக்குற பசங்கள நான் எத்தன தடவ சத்தம் போட்டிருக்கேன். வாடையே வராது, தலவலிக்குது தலவலிக்குதுன்னு உக்காருவான், அப்படியே சாய்ஞ்சிருவான். அடுப்புக்கரிய அறைக்குள்ள வச்சிட்டு தூங்குறவங்களுக்கும் இதே தான்.

நான் கோயம்புத்தூர்ல வெல்டிங் பட்டறை வச்சிருக்கேன். நமக்கு பாடமெல்லாம் ஐடிஐயோட சரி, ஆனா பட்டறைக்கு வந்தா இந்த தனிமம் சேர்மம் ரெண்டையும் செவுத்தோரமா நிக்க வச்சு காட்டலாம். நாலு சிலிண்டர். கறுப்பு சிலிண்டர்ல ஆக்சிஜன், அது தனிமம், மூலக்கூறுக்கு ரெண்டு அணு. ஆர்கான், அதுவும் தனிமம், ஆனா ஒத்த அணு, எதோடயும் ஒட்டாது. மெரூன் கலர்ல அசிட்டிலீன், அது சேர்மம், ரெண்டு கார்பன் ரெண்டு ஹைட்ரஜன். அப்புறம் மிக் வெல்டிங்குக்கு சிஓ2, அதாவது கார்பன் டை ஆக்சைடு, அதுவும் சேர்மம்.

இதுல பாருங்க, அசிட்டிலீன்ல நாலு அணு, ஆக்சிஜன்ல ரெண்டு, ஆர்கான்ல ஒண்ணு, எண்ணிக்கைய வச்சு ஒண்ணும் புடிபடாது. வேலைய வச்சு தான் புடிபடும். சிஓ2க்குள்ள ஆக்சிஜன் இருக்கு, மூணுல ரெண்டு அணு ஆக்சிஜன் தான், ஆனா அது எரிய விடாது, சில தீயணைப்பான்லயும் இதே சிஓ2 தான் அடைச்சு வச்சிருப்பாங்க. கறுப்பு சிலிண்டர்ல இருக்குற ஆக்சிஜன் அப்படி இல்ல. அதோட ரெகுலேட்டர்ல ஒரு சொட்டு எண்ணெய், கிரீஸ் பட்டுச்சுன்னா போதும், வால்வ தொறந்த உடனே புடிச்சு எரியும், அதனால புதுசா வர்ற பையனுக்கு நான் சொல்ற முதல் விஷயமே எண்ணெய்க் கையோட ஆக்சிஜன் வால்வ தொடாதேங்குறது தான். அதே ஆக்சிஜன் அணு தான், கார்பனோட சேர்ந்தா தீயணைப்பான், தன்னோட தானே சேர்ந்தா இந்த வேல பாக்குது. உங்க பாப்பாவுக்கு இத சொல்லுங்கம்மா.

நிலா அம்மா
அண்ணா, தம்பி, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அவளையும் பக்கத்துல உக்கார வச்சு தான் படிக்கிறேன். சிஓ2 தீய அணைக்கும், ஆனா உள்ள ஆக்சிஜன் இருக்குன்னதும் அப்படியே நிமிர்ந்து உக்காந்துட்டா. இப்ப அவ கேக்குறது ரெண்டு. ஆர்கான் ஒத்த அணுன்னா அத எப்படி மூலக்கூறுன்னு சொல்றது? அப்புறம் காத்துல நைட்ரஜன் இருக்கு ஆக்சிஜன் இருக்கு, வகை ரெண்டாயிடுச்சே, அப்ப காத்து சேர்மமா?

ஓய்வு வாத்தியார்
அம்மா, உங்க பிள்ளை கேக்குற கேள்வி எல்லாம் முப்பத்தோரு வருஷம் நான் வகுப்பறையில கேக்க ஆசைப்பட்ட கேள்விகள். தைரியமா கேக்கச் சொல்லுங்க.

ஆர்கான், ஹீலியம், நியான் இதெல்லாம் ஒத்த அணுவாவே தனியா திரியும், அந்த அணுவே அதுக்கு மூலக்கூறு. ஓரணு மூலக்கூறுன்னு சொல்லுவோம். அத விடுங்க, காத்துக்கு வருவோம், அங்க தான் சரக்கு இருக்கு.

காத்துல ரெண்டு வகை அணு இருக்குறது உண்மை. ஆனா ஒரே மூலக்கூறுக்குள்ள இல்ல. நைட்ரஜன் ஜோடி தனி, ஆக்சிஜன் ஜோடி தனி, ஒரே தெருவுல நடந்து போற மாதிரி பக்கத்து பக்கத்துல போகுது. அதனால அது கலவை. எப்படி நிரூபிக்கிறதுன்னா, குளிர வச்சா போதும். காத்த திரவமாக்கி மெதுவா சூடேத்தினா மைனஸ் 196ல நைட்ரஜன் கொதிச்சு போகும், மைனஸ் 186ல ஆர்கான், மைனஸ் 183ல ஆக்சிஜன். முருகன் பட்டறைக்கு வர்ற ஆக்சிஜனும் ஆர்கானும் பெரும்பாலும் இப்படி காத்துலேர்ந்து பிரிச்சது தான். எந்த மூலக்கூறும் உடையல, சும்மா ஒவ்வொண்ணா கெளம்பிப் போச்சு. தண்ணிய எவ்வளவு கொதிக்க வச்சாலும் அதுலேர்ந்து முதல்ல ஹைட்ரஜன் வந்து அப்புறம் ஆக்சிஜன் வராது, நீராவி தான் வரும், நீராவியும் அதே மூலக்கூறு. தண்ணிய உடைக்க மின்சாரம் பாய்ச்சணும். 1800ல லண்டன்ல நிக்கல்சனும் கார்லைலும் அத செஞ்சாங்க, அந்த வருஷம் தான் வோல்டா மின்கலத்த பத்தி எழுதியிருந்தார், அத கேள்விப்பட்ட சூட்டோட செஞ்சு பாத்தாங்க.

இப்ப உங்க பொண்ணோட தப்ப பத்தி. அந்த தப்புல அவ தனியா இல்லம்மா, இத அவகிட்ட அவசியம் சொல்லுங்க. ஒரே வகை அணு ரெண்டு ஒண்ணோட ஒண்ணு சேர முடியுமாங்குற ஒரு விஷயத்துல ஐரோப்பாவோட பெரிய பெரிய தலைங்க எல்லாம் அம்பது வருஷம் சிக்கிக்கிட்டு நின்னாங்க. டால்டன், அணுக்கொள்கைய குடுத்தவர், ஆக்சிஜன் வாயுல இருக்குறது ஒத்த அணு தான்னு உறுதியா நம்பினார். தண்ணிக்கு ஒரு ஹைட்ரஜன் ஒரு ஆக்சிஜன்னு எழுதினார். 1808ல பிரான்ஸ்ல கே லூசாக்ங்குற வேதியியல் அறிஞர் கணக்கு ஒண்ணு குடுத்தார், ரெண்டு பங்கு ஹைட்ரஜனும் ஒரு பங்கு ஆக்சிஜனும் சேர்ந்தா ரெண்டு பங்கு நீராவி வருதுன்னு. யோசிச்சு பாருங்க, ஆக்சிஜன் ஒரு பங்கு, நீராவி ரெண்டு பங்கு, ஒவ்வொரு நீராவித் துகளுக்கும் ஆக்சிஜன் வேணும்னா அந்த ஆக்சிஜன் துகள் ரெண்டா பிளந்திருக்கணும். அணு பிளக்காதுன்னு டால்டனே சொல்லியாச்சு. அப்ப என்ன வழி? 1811ல இத்தாலியில அவகாட்ரோ சொன்னார், பிளந்தது அணு இல்ல, மூலக்கூறு, ஆக்சிஜன் வாயுல இருக்குற ஒவ்வொரு துகளும் ஏற்கனவே ஜோடியா தான் இருக்குன்னு.

பெரும்பாலானவங்க ஏத்துக்கல. ஸ்வீடன் வேதியியல் அறிஞர் பெர்சீலியஸ் மாதிரி ஆளுங்களுக்கு, எதிர் மின்சுமை இருந்தா தான் அணுக்கள் ஒட்டும், ஒரே மாதிரி அணு ரெண்டு ஒண்ண ஒண்ணு தள்ளுமே தவிர சேராதுங்குறது பிடிவாதமான எண்ணம். 1860 செப்டம்பர்ல ஜெர்மனியில கார்ல்ஸ்ரூவுல வேதியியல் அறிஞர்கள் மாநாடு கூடுச்சு, அங்க இத்தாலிக்காரர் கன்னிசாரோ தான் அவகாட்ரோவோட கருத்த எடுத்து நிறுத்தினார், அவர் எழுதின சின்ன புத்தகத்த வந்தவங்களுக்கு குடுத்தாங்க. அந்த கூட்டத்துல மெண்டலீவ் இருந்தார், லோதர் மேயர் இருந்தார், பின்னாடி ஆவர்த்தன அட்டவணைக்கு போன பாதை அங்கேர்ந்து தான் தெளிவாச்சு. அவகாட்ரோ அத பாக்க இல்ல, 1856லயே இறந்துட்டார். எனக்கு இந்த பாடம் நடத்தும் போதெல்லாம் மனசு கனக்கும்.

வேதாரண்யம் குட்டை
ஐயா எழுதினத ரெண்டு தடவ படிச்சேன். நான் இறால் குட்டை வச்சிருக்கேன், வனாமி. தண்ணிக்குள்ள ஆக்சிஜன்னு நீங்க எல்லாரும் பேசுறத பாத்துட்டு எனக்கு என் தொழில சொல்லாம இருக்க முடியல.

ஒரு லிட்டர் நல்ல தண்ணி ஒரு கிலோ. அதுல எடைக்கணக்கு பாத்தா 9ல 8 பங்கு ஆக்சிஜன், அதாவது கிட்டத்தட்ட 889 கிராம். ஆனா அதுல ஒரு துளி கூட இறாலுக்கு பிரயோசனம் இல்ல. இறால் மூச்சு விடுறது தண்ணி மூலக்கூறுக்கு இடையில கரைஞ்சு நிக்கிற ஓ2 மூலக்கூற மட்டும் தான், அது எவ்வளவு தெரியுமா, 30 டிகிரி சூட்டுல ஒரு லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் நின்னா பெருசு, உப்புத்தண்ணின்னா இன்னும் கம்மி. 889 கிராம் ஆக்சிஜனுக்குள்ள முங்கி கெடந்துக்கிட்டு ஏழு மில்லிகிராம் பத்தாம இறால் செத்து போகும். நான் கண்ணால பாத்திருக்கேன்.

போன வருஷம் ஒரு ராத்திரி கரண்ட் போச்சு, ஜெனரேட்டர் எடுக்கல. பகல்ல வெயில்ல பாசி ஆக்சிஜன் விடும், மீட்டர்ல நம்பர் ஏறும், ராத்திரி ஆனா பாசியும் சேர்ந்து இழுக்கும், விடியக்காலம் நாலு மணி தான் ரொம்ப மோசமான நேரம். டார்ச் அடிச்சா இறால் எல்லாம் கரையோரம் வந்து தலைய மேல தூக்கிக்கிட்டு நிக்குது, கண்ணு ரெண்டும் செவப்பா மின்னுது, நூத்துக்கணக்குல. மீட்டர விட்டா ரெண்டு புள்ளி ஒண்ணு காட்டுது. ஏரேட்டர் சுத்துனா காத்துல இருக்குற ஓ2 தண்ணிக்குள்ள போகும், சுத்தல, அவ்ளோ தான். பக்கத்து குட்டைக்காரர் ஜெனரேட்டர இழுத்துட்டு வந்தார், பாதிய காப்பாத்தினோம்.

அன்னைக்கு கரையில நின்னுக்கிட்டு எனக்கு தோணுனது இது தான், இவ்வளவு தண்ணி இருக்கே, இதுல இருக்குற ஆக்சிஜன கொஞ்சம் விட்டுக்குடுக்க கூடாதான்னு. விட்டுக்குடுக்காது. அது ஹைட்ரஜனோட சேர்ந்து தண்ணியா ஆயிடுச்சு, இனி அது ஆக்சிஜன் மாதிரி நடந்துக்காது. சேர்மத்தோட மூலக்கூறுன்னா என்னன்னு எனக்கு அன்னைக்கு புரிஞ்சுது.

கார்த்தி சேலம்
படிக்கவே கஷ்டமா இருக்குண்ணே. நான் முதல்ல எழுதினது தப்பு, ஒத்துக்குறேன், நிலா அம்மா அக்கா மன்னிச்சிருங்க. ஆனா ஒரு சந்தேகம் இன்னும் இருக்கு. கொரோனா சமயத்துல எங்க அப்பாவுக்கு வீட்ல ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் வச்சோம், அது ரூம்ல இருக்குற காத்தையே இழுத்து ஆக்சிஜன தனியா குடுக்கும். அது கலவைய பிரிக்கிறது, சரி. ஆனா ஓ2 மூலக்கூறையே ரெண்டா உடைக்கணும்னா அதுவும் பிணைப்ப உடைக்கிறது தானே? தண்ணிய உடைக்கிறதும் பிணைப்ப உடைக்கிறது தானே? அப்ப தனிம மூலக்கூறு சுலபமா உடையும், சேர்ம மூலக்கூறு கஷ்டமா உடையும்னு சொல்லலாமா?

எம்எஸ்சி மாணவன்
நல்ல கேள்வி அண்ணா, நிறைய பேர் அப்படி தான் நெனச்சிட்டு இருக்காங்க, ஆனா இல்ல. நைட்ரஜன் மூலக்கூறு தனிமம், அத ரெண்டு அணுவா உடைக்க மோலுக்கு (துகள எண்ணுற ஒரு நிலையான அளவு அது) 945 கிலோஜூல் வேணும், மூணு பிணைப்பு இருக்கு அதுக்கு நடுவுல. ஆக்சிஜன் மூலக்கூறுக்கு 498. ஹைட்ரஜனுக்கு 436. தண்ணியில ஒரு ஆக்சிஜன் ஹைட்ரஜன் பிணைப்புக்கு சராசரியா 463. பாத்தீங்களா, ரெண்டு பக்கமும் கலந்து தான் இருக்கு, தனிமமான நைட்ரஜன் தான் இதுல எல்லாத்தையும் விட இறுக்கம். காத்துல 78 சதவீதம் இருந்தும் பயிரால அத நேரா எடுத்துக்க முடியாம நாம யூரியா போடுறது இதனால தான். நைட்ரஜன அம்மோனியாவா மாத்த ஹேபர் முறையில இரும்பு வினையூக்கி, 400லேர்ந்து 500 டிகிரி சூடு, காத்தழுத்தத்த போல 200 மடங்கு அழுத்தம்னு போட்டு தான் வேல வாங்குறாங்க.

வித்தியாசம் உடைச்சதுக்கு அப்புறம் கைல என்ன நிக்குதுங்குறதுல இருக்கு. ஓ2வ எப்படி உடைச்சாலும் ஆக்சிஜன் தான், திரும்ப சேர்த்தா ஓ2 இல்லன்னா ஓ3, வேற பொருளுக்கான சரக்கே உள்ள இல்ல. தண்ணிய உடைச்சா ரெண்டு வேற வேற தனிமம் வரும், ரெண்டுக்கு ஒண்ணுங்குற கணக்குல, எந்த ஊர் தண்ணியா இருந்தாலும் அதே கணக்கு.

யாழ் ரீச்சர்
எல்லாருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில விஞ்ஞானம் படிப்பிக்கிறன். எங்கட பாடப்புத்தகத்தில தனிமத்தை மூலகம் எண்டும், சேர்மத்தைச் சேர்வை எண்டும் சொல்லுவம், ஒட்சிசன், ஐதரசன், நைதரசன் எண்டு எழுதுவம். ஆனா நிலா அம்மான்ர மகள் சொன்ன அதே விளக்கத்தை இஞ்ச பிள்ளையளும் சொல்லுவினம், சேர்ந்தா சேர்வை தானே ரீச்சர் எண்டு. சொல் ரெண்டு கரையிலயும் ஒரே வேலையைத் தான் செய்யுது.

நான் என்ன செய்யிறனான் எண்டா கரும்பலகையில நாலு பெட்டி கீறுவன். முதல் பெட்டிக்குள்ள வெள்ளை உருண்டை ரெண்டு ரெண்டா ஒட்டினபடி. ரெண்டாவதுக்குள்ள ஒரு வெள்ளையில ரெண்டு சிவப்பு ஒட்டினபடி. மூண்டாவதுக்குள்ள வெள்ளைச் சோடியும் சிவப்புச் சோடியும், ஆனா ஒண்டோட ஒண்டு ஒட்டேல்லை. நாலாவதுக்குள்ள தனி உருண்டையள். முதலாவதுக்கும் நாலாவதுக்கும் பிள்ளையள் கெதியாச் சொல்லிப்போடுவினம். மூண்டாவது பெட்டியில தான் வகுப்பில பாதி விழும், ரெண்டு நிறம் தெரியுது எண்ட உடனே சேர்வை எண்டு எழுதிவிடுவினம். அப்ப நான் ஒரு சோடியைச் சுத்தி விரலால ஒரு வட்டம் கீறி, இதுக்குள்ள மட்டும் பார், பெட்டியைப் பாக்காத எண்டு சொல்லுவன். அந்த வட்டத்தைக் கீறினாப் பிறகு ஆரும் பிழைவிட மாட்டினம். உங்கட மகள் காத்து சேர்மமா எண்டு கேட்டது இந்த மூண்டாவது பெட்டி தான்.

அந்த மூண்டாவது பெட்டியில ஐதரசனும் ஒட்சிசனும் ரெண்டுக்கு ஒண்டு எண்ட கணக்கில நிக்குது எண்டு வையுங்கோ. அணுக்களைக் கணக்கெடுத்தா தண்ணிக்கும் அதுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. ஆனா நெருப்புப் பொறி ஒண்டு பட்டா வெடிக்கும். வெடிச்சாப் பிறகு தான் தண்ணி.

ஓய்வு வாத்தியார்
டீச்சர், அந்த விரல் வட்டம் அருமை. இத்தனை வருஷத்துல எனக்கு அது தோணல.

நான் கந்தகத்த பத்தி சொல்லணும்னு இருந்தேன், ஏன்னா தனிம மூலக்கூறுன்னா சும்மா ஒரே வகை அணு, அதோட கதை முடிஞ்சுதுன்னு பிள்ளைங்க நெனச்சுடக் கூடாது. கந்தகத்துல எட்டு அணு வளையமா கைகோத்து நிக்கும். எங்க ஆய்வகத்துல நான் சோதனைக்குழாய்ல மஞ்ச கந்தகப்பொடிய போட்டு மெதுவா சூடு காட்டுவேன். 115 டிகிரி தாண்டும்போது உருகி தேன் கலர்ல, தண்ணி மாதிரி ஓடும். அப்ப உள்ள இன்னும் எட்டெட்டு வளையம் தான், ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கிட்டு போகுது. இன்னும் சூடு காட்டி 160 தாண்டினா, பிள்ளைங்க எதிர்பாக்கவே மாட்டாங்க, சூடு ஏற ஏற இன்னும் இளகும்னு தானே நெனப்போம், அது செங்கறுப்பா மாறி வெல்லப்பாகு பதம் தாண்டின மாதிரி கெட்டியாயிடும், குழாய கவுத்தாலும் விழாது. வளையம் அறுந்து நீளச் சங்கிலியா ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கும். இன்னும் ரொம்ப சூடாக்கினா சங்கிலியும் துண்டாகி மறுபடி ஓட ஆரம்பிக்கும், அந்த நேரம் குளிர்ந்த தண்ணில ஊத்தினா ரப்பர் மாதிரி இழுபடுற பழுப்பு கந்தகம் கெடைக்கும், கையில இழுத்து பாக்கலாம். மேசையில வச்சிட்டு நாலஞ்சு நாள் கழிச்சு பாத்தா மறுபடி மஞ்சளாகி பொடிஞ்சு போயிருக்கும், வளையத்துக்கே திரும்பிடும். இவ்வளவு நேரமும் அதுக்குள்ள கந்தகத்த தவிர வேற ஒரு அணு கிடையாது.

ஆனா சூடு காட்டும்போது ஓரத்துல தீப்புடிச்சு நீலமா எரிஞ்சுதுன்னா நெஞ்ச அடைக்கிற ஒரு நெடி வரும். அது சல்ஃபர் டை ஆக்சைடு, சேர்மம். வீட்ல யாரும் செஞ்சு பாக்க வேண்டாம்.

பாஸ்பரஸும் இதே தான். வெள்ளை பாஸ்பரஸ் நாலு அணு சேர்ந்த மூலக்கூறு, தண்ணிக்குள்ள தான் வைக்கணும், நம்ம ஊர் வெயிலுக்கே காத்துல பத்திக்கும். அந்த காலத்துல தீக்குச்சி மருந்துல அத தான் போட்டாங்க, தொழிற்சாலையில வேல செஞ்சவங்களுக்கு தாடை எலும்பு அழுகிச்சு. 1906ல பெர்ன்ல அதுக்கு எதிரா சர்வதேச உடன்படிக்கை போட்டாங்க, இந்தியாவுல 1913ல சட்டம் போட்டு தடை பண்ணாங்க. இன்னைக்கு சிவகாசி, கோவில்பட்டி தீப்பெட்டியோட பக்கவாட்டு பட்டையில இருக்குறது சிவப்பு பாஸ்பரஸ், அதே அணுக்கள் தான், நாலு நாலா இல்லாம வலை மாதிரி தொடர்ந்து பின்னியிருக்கு. ஒண்ணு ஆள கொன்னுச்சு, இன்னொண்ண நாம தினமும் சட்டைப்பையில வச்சிருக்கோம்.

வேதாரண்யம் குட்டை
ஐயா, எங்க ஊர்ல இறால் குட்டைய விட உப்பளம் தான் பழசு, எங்க தாத்தா உப்பளத்துல வாருகோல் புடிச்சவர். உப்பும் சேர்மம் தானே, சோடியம் ஒண்ணு குளோரின் ஒண்ணு. அப்ப உப்போட ஒரு மூலக்கூறுன்னா அந்த ரெண்டு அணுவா?

எம்எஸ்சி மாணவன்
அண்ணே, உப்பு சேர்மம், ஆனா அதுக்கு மூலக்கூறே கிடையாது. சோடியம் அயனி, குளோரைடு அயனி, அதாவது மின்சுமை ஏறின அணுக்கள், மாத்தி மாத்தி எல்லா பக்கமும் அடுக்கிட்டே போகும். ஒரு சோடியத்த சுத்தி ஆறு குளோரைடு, ஒரு குளோரைட சுத்தி ஆறு சோடியம். யாழ் டீச்சர் சொன்ன மாதிரி விரலால வட்டம் போடலாம்னு பாத்தா எந்த ஜோடிய சுத்தி போடுறதுன்னே தெரியாது, எல்லாம் எல்லாத்துக்கும் பக்கத்து வீடு. பாத்தியில நீங்க பாக்குற ஒரு கல்லு உப்பு முழுசும் ஒரே அடுக்கு. நாம எழுதுற வாய்பாடு ஒண்ணுக்கு ஒண்ணுங்குற விகிதத்த மட்டும் தான் சொல்லுது.

1913ல பிராக் அப்பாவும் மகனும் எக்ஸ் கதிர வச்சு இத கண்டுபிடிச்சாங்க. அப்பவும் எல்லாரும் ஏத்துக்கல, 1927லயும் ஆம்ஸ்ட்ராங்னு இங்கிலாந்துல ஒரு மூத்த வேதியியல் பேராசிரியர் நேச்சர் இதழுக்கு கோவமா கடிதம் எழுதினார், உப்ப போய் சதுரங்கப் பலகை மாதிரி காட்டுறாங்களேன்னு.

தனிமம் பக்கமும் இப்படி உண்டு. செம்புக் கம்பிக்குள்ள செம்பு மூலக்கூறுன்னு ஒண்ணு இல்ல. வைரத்துலயும் இல்ல, கார்பன் எல்லா பக்கமும் நாலு நாலா கைகோத்துட்டே போகும். அதனால நிலா அம்மா அக்கா, சேர்மமா தனிமமாங்குறது ஒரு கேள்வி, மூலக்கூறா இருக்கா இல்லையாங்குறது வேற கேள்வி. இது ரெண்டையும் போட்டு கொழப்பாம இருந்தா பாடத்துல அயனிப்பிணைப்பு வரும்போது அவ திணற மாட்டா.

நிலா அம்மா
ரெண்டு நாளா வர முடியல, மன்னிக்கணும். இன்னைக்கு நடந்தத சொல்றேன்.

சுண்டலுக்கு ஊற வச்ச கொண்டக்கடலையும் பச்சப் பட்டாணியும் இருந்துச்சு, அவளே எடுத்துட்டு போய் விளக்கமாத்துலேர்ந்து ஈர்க்குச்சி ஒடச்சு கழுவி சின்ன சின்னதா வெட்டி வச்சுக்கிட்டா. கடலை ஆக்சிஜன், பட்டாணி ஹைட்ரஜன். ரெண்டு கடலைய குத்தி ஓ2 பண்ணா, மூணு கடலைய வளைச்சு ஓசோன் பண்ணா, ஒரு கடலை ரெண்டு பட்டாணி தண்ணி. அப்புறம் ஒரு தட்டுல கடலை ஜோடியும் பட்டாணி ஜோடியும் கலந்து போட்டு, யாழ் டீச்சர் சொன்ன மாதிரி விரலால வட்டம் போட்டு காட்டி, இது கலவைம்மா, இன்னும் தண்ணி ஆகலன்னா. நான் எதுவுமே சொல்லித் தரல. ஓசோன கையில வச்சுக்கிட்டு, "மூணு பேர் சேர்ந்தாலும் மூணு பேரும் ஒரே வீட்டு ஆளுங்க"ன்னு சொன்னா.

அப்புறம் வாத்தியார் ஐயா சொன்ன கந்தகத்த செய்யுறேன்னு எட்டு கடலைய எடுத்தா. தண்ணிக்கு பண்ணுன மாதிரியே ஒவ்வொரு கடலைலயும் குச்சிய சாய்வா குத்தணும்னு வச்சுக்கிட்டா, நேர் எதிர்ல குத்தல. தட்டுல தட்டையா வட்டமா வைக்கலாம்னு பாத்தா வரவே இல்ல, எட்டு கடலையும் ஒரே வட்டத்துல அடங்கல. ரெண்டு மூணு தடவ பிரிச்சு பிரிச்சு போட்டா. கடைசில ஒரு கடலைய மேல தூக்கி, அடுத்தத கீழ இறக்கி, மேல கீழ மேல கீழன்னு மாத்தி மாத்தி வச்சா, முனை டக்குன்னு வந்து சேர்ந்துடுச்சு. கிரீடம் மாதிரி தட்டுல நாலு காலுல நிக்குது. ஐயா, இது சரியா? நெஜத்துலயும் இப்படி தான் இருக்குமா?

ஓய்வு வாத்தியார்
நெஜத்துலயும் அப்படியே தான்மா இருக்கும். கிரீட வடிவம்னு தான் புத்தகத்துலயும் பேர். கந்தக அணுவோட ரெண்டு பிணைப்புக்கும் நடுவுல கோணம் 108 டிகிரி, அதனால தட்டையா படுக்க முடியாது, மேல கீழ போய் தான் ஆகணும். அவ கையாலயே கண்டுபிடிச்சுட்டா.

அத சுண்டலுக்கு எடுத்துடாதீங்க, ரெண்டு நாள் நிழல்ல காய விடுங்க. கடலை சுருங்கும்போது குச்சிய இறுக்கமா கவ்விக்கும், அப்புறம் ஸ்கூலுக்கு எடுத்துட்டு போனாலும் கழண்டு விழாது.